தொடர்பியலில் டாக்டர் பட்டம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

வெகுஜனத் தொடர்பியலில் டாக்டர் பட்டம் என்ற ஒன்றை முதன்முதலாகத் திட்டமிட்டு ஏற்படுத்தியவர் என்று சொல்லப்படுகிறவர் ஒரு சிறுகதைக்காரர். இது நம் நண்பர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பெயர் வில்பர் ஷ்ராம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக் கழகத்தில் 1932இல் அமெரிக்க இலக்கியத்துக்காக டாக்டர் பட்டம் வாங்கியவர். 1936இல் அங்கே தொடங்கிய எழுத்தாளர் பட்டறைக்கு, இன்று உலகப் பிரசித்தி பெற்றுவிட்ட அதே பட்டறைக்கு, முதல் இயக்குநர். கதை எழுதி ஓ. ஹென்றி பரிசு வாங்கியவர். சிறு வயதிலிருந்து திக்குவாய் வேறு. பேசத் தவித்த ஒருவர், பேச்சு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதையே ஒரு சாஸ்திரமாக்கினார் என்பதில் ஏதோ ஒரு பொருத்தம் இருக்கிறது. அதை அதிகம் இழுக்க நான் விரும்பவில்லை.

யுத்தம் வந்தது. ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் என்ற கவிஞரின் தலைமையில் வாஷிங்டனில் இயங்கிய அரசாங்கச் செய்திப் பிரசார அலுவலகத்துக்கு ஷ்ராம் போனார். 1943இல் அயோவாவுக்குத் திரும்பியபோது கதைப் பட்டறைக்குத் திரும்பவில்லை. இதழியல் பள்ளியின் தலைமையை ஏற்றுக்கொண்டார். டாக்டர் பட்டத்துக்கான திட்டம் அங்கே அப்போது பிறந்தது. பிறகு இல்லினாய், ஸ்டான்ஃபோர்டு என்று அவர் போன இடமெல்லாம் அது பரவியது. ஆக, இந்தத் துறையின் பிறப்பிலேயே இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, இலக்கியத்தை விட்டு வெளியேறியது. மற்றது, யுத்த காலத்து அரசாங்கத்தின் கேள்வி: நாம் சொன்னது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்து என்ன செய்தது? எழுத்தாளன் தன் எழுத்தைப் பற்றி இந்தக் கேள்வியை இப்படிக் கேட்பதில்லை. கேட்டால் அவன் விளம்பரம் எழுதப் போய்விடுவான்.

இதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு மின்சார ரயிலில். தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டுப் பாதையில் கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் பொத்தேரி. ஊர்ப் பெயரின் வாலில் ஓர் ஏரி இருக்கிறது. ஆனால் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஏரி ஞாபகம் வராது. 1985இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2002இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாகிவிட்ட எஸ்.ஆர்.எம்.தான் ஞாபகம் வரும். ரயிலிலிருந்து கொட்டுகிற கூட்டத்தில் பெரும்பாலோர் மாணவர்கள், முதுகில் பை, காதில் கருவி. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி ஓர் ஆய்வு மாணவி. பொத்தேரியில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகிறார். அவர் பதிவு செய்திருப்பது இங்கே அல்ல, வேறு ஒரு பல்கலைக் கழகத்தில். எது என்பது நமக்கு வேண்டாம். கையிலிருந்த சிறுபத்திரிகையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்.

"நான் மைக் செட் பத்தித்தான் பண்ணணும்னு இருந்தேன் சார். எங்க ஊர்ல அம்பது வருஷமா ரேடியோ கட்டுறவர் ஒருத்தர் இருக்கார். அவர் போடற பாட்டை வச்சே இன்னைக்கு எந்த வீட்ல என்ன விசேஷம்னு ஊரே சொல்லிடும். ஆனா தியரி எங்கன்னு கேட்டாங்க. முந்நூறு பேர்கிட்ட கேள்வித்தாள் கொடுத்து வாங்குன்னாங்க. இப்ப தலைப்பு மாறிடுச்சு."

மாறிய தலைப்பு கைபேசியும் கல்லூரி மாணவர்களின் திருப்தியும் பற்றியது. 'மிகவும் உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'சற்றும் உடன்படவில்லை' என்பது வரை ஐந்து கட்டம். அவர் புகாராகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் மனசு அதில் மாட்டிக்கொண்டது. மைக் செட்டில் தியரி எங்கே என்று கேட்கத் தோன்றுகிற ஒரு துறை எப்படி உருவாகிறது?

நம் நாட்டில் இதழியல் கல்வி முதலில் வந்தது பத்திரிகைத் தொழிலைச் சொல்லிக் கொடுப்பதாக. அடையாற்றில் அன்னி பெஸண்ட் நடத்திய தேசியப் பல்கலைக் கழகத்தில் 1920இல் ஒரு முயற்சி நடந்தது. 1941இல் லாகூரில் பி.பி. சிங் பஞ்சாப் பல்கலைக் கழகத்தில் தொடங்கிய துறை பிரிவினையில் அகதியாகி டில்லிக்கு வந்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1947. இங்கெல்லாம் சொல்லித் தந்தது செய்தி எழுதுவது, திருத்துவது, தலைப்புக் கொடுப்பது. இதில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று அன்று யாரும் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான்.

ஆராய்ச்சி வந்தது வளர்ச்சித் திட்டங்களோடு. 1958இல் டேனியல் லெர்னர் மத்தியக் கிழக்கைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். துருக்கியில் அங்காராவுக்கு அருகில் பால்காட் என்று ஒரு கிராமம். அங்கே பழமையில் ஊறிய தலைவர் ஒருவர், நகரத்தைக் கனவு காணும் மளிகைக் கடைக்காரர் ஒருவர். ரேடியோவும் பத்திரிகையும் வரும், கடைக்காரர் ஜெயிப்பார், கிராமம் நவீனமாகும் என்பது சாரம். 1964இல் நம் ஷ்ராமே யுனெஸ்கோவுக்காக வெகுஜன சாதனங்களும் தேச வளர்ச்சியும் பற்றி எழுதினார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் டில்லியில் இந்திய மக்கள் தொடர்புக் கழகம் ஆரம்பமாயிற்று. விவசாயிக்கு உரத்தைப் பற்றியும், தாய்க்குக் கருத்தடையைப் பற்றியும் எப்படிச் சொன்னால் கேட்பார்கள் என்பது ஆராய்ச்சியின் மையமாயிற்று. 1962இல் புதுமைகள் பரவும் விதத்துக்கு இலக்கணம் வகுத்த எவரெட் ரோஜர்ஸ், 1976இல் அந்தப் பழைய சட்டகம் காலாவதியாகிவிட்டது என்று தாமே எழுதினார். எழுதியவர் மாறினாலும் பாடத்திட்டம் மாறுவதில்லை. பாடத்திட்டத்துக்கு ஆசிரியரை விட ஆயுள் அதிகம்.

இதே வருஷங்களில் தமிழைப் பற்றி என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது.

இலங்கையில் 1959 முதல் 1961 வரை 'தினகரன்' நாளிதழுக்கு ஆசிரியராக இருந்த க. கைலாசபதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்குப் போய், ஜார்ஜ் தாம்ஸன் என்ற கிரேக்கப் பேராசிரியரிடம் ஆய்வு செய்து 1966இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது: தமிழ் வீரயுகக் கவிதை. நாவல் விமர்சனம் சம்பந்தமாக நம் வட்டம் அவரோடு போட்ட சண்டை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்த ஆய்வேட்டைப் படித்தவர்கள் எத்தனை பேர்? மில்மன் பாரி 1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுத்தறியாத பாணர்கள் பாடியதை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். வாய்மொழிப் பாடகன் மனப்பாடமாக ஒப்பிப்பதில்லை, கைவசம் இருக்கும் வாய்பாட்டுத் தொடர்களை வைத்து ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுகிறான் என்பது அவர் கண்டது. அந்த வெளிச்சத்தில் கைலாசபதி சங்கப் பாடல்களின் பாணனையும் பொருநனையும் பார்த்தார். அவர் முடிவுகளில் எல்லாம் நிற்கின்றனவா என்பது வேறு விஷயம். புலவர்கள் எழுத்தறிந்தவர்கள்தான், பாணர் மரபை அவர்கள் பின்பற்றினார்கள் என்ற ரீதியில் ஜார்ஜ் ஹார்ட் 1975இல் எழுதினார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாரியின் வேலையைத் தொடர்ந்த ஆல்பர்ட் லார்டின் புத்தகம் 1960இல் வந்தது. 1962இல் மார்ஷல் மக்லுகன் அச்சு மனிதனைப் பற்றிய தம் புத்தகத்தை அதைச் சொல்லித்தான் தொடங்குகிறார். மக்லுகன் டாக்டர் பட்டம் வாங்கியதும் இலக்கியத்தில்தான், பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடைக்காரர் தாமஸ் நாஷைப் பற்றி. ஆக ஒரே ஊற்றிலிருந்து கிளம்பியதில் ஒன்று தொடர்பியலின் வேதமாயிற்று. மற்றது, ஒரு தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர் எழுதியது, சங்க இலக்கிய அலமாரிக்குப் போய்விட்டது.

அதே தாம்ஸனிடம் படித்த கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி 1970இல் பட்டம் பெற்றார். 1981இல் தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பு சாதனமாகப் பார்த்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தது முதலில் சினிமாக் கொட்டகையில்தான் என்று அதில் சொன்னார். அங்கே இடம் சாதியைப் பார்த்து அல்ல, டிக்கெட்டின் விலையைப் பார்த்துக் கிடைத்தது. இந்த ஓர் அவதானிப்புக்கு எத்தனை கேள்வித்தாள் ஈடாகும்?

அந்த 1981லேயே சென்னையில் க்ரியா இன்னொரு புத்தகம் வெளியிட்டது. தியடோர் பாஸ்கரன் எழுதியது. 1880 முதல் 1945 வரை தென்னிந்தியாவில் தேசிய அரசியலும் பொழுதுபோக்குச் சாதனங்களும் பற்றியது. ஆங்கிலப் புத்தகம். பாஸ்கரன் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் வரலாறு படித்தவர். பொத்தேரிக்குப் போகும் அதே தண்டவாளத்தின் ஓரம். உத்தியோகம் அஞ்சல் துறையில். டாக்டர் பட்டத்துக்காக அவர் அதை எழுதவில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவர் புரட்டியது எதை? போலீஸ் அறிக்கைகள், தடை உத்தரவுகள், பறிமுதல் செய்யப்பட்ட பாட்டுப் புத்தகங்கள். கம்பெனி நாடகத்தில் முருகனாக நிற்கும் நடிகர் திடீரென்று வெள்ளையனைப் பாட ஆரம்பிக்கிறார், கொட்டகையே எழுகிறது. விசுவநாத தாஸ் அப்படிப் பாடித் திரும்பத் திரும்பக் கைதானவர். 1940 டிசம்பர் 31 அன்று மேடையிலேயே உயிர் போயிற்று. 1876இன் நாடகச் சட்டம், 1918இன் சினிமாச் சட்டம் எல்லாம் சும்மா வந்தவை அல்ல. பாட்டு என்ன செய்யும் என்று அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. யோசித்தால், நம் ஊரின் முதல் தொடர்பியல் ஆராய்ச்சியாளன் கொட்டகையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த சி.ஐ.டி.தான். ஷ்ராமின் கேள்வியை அவருக்கு முன்பே அவன் கேட்டுவிட்டான்: போய்ச் சேர்ந்ததா, சேர்ந்து என்ன செய்தது? பாஸ்கரன் செய்த காரியம், அந்தக் குறிப்பையே எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தது. பாடியவன் யார், கேட்டவன் அதைத் தன்னுடையதாக எப்படி ஆக்கிக்கொண்டான் என்று கேட்டது. போலீஸ்காரனின் எழுத்திலிருந்து பாட்டுக்காரனின் சரித்திரத்தை மீட்க ஒரு தபால் அதிகாரி வேண்டியிருந்தது.

அந்தப் புத்தகம் க்ரியாவிடமிருந்து வந்ததும் தற்செயல் அல்ல. ராமகிருஷ்ணன் 'கசடதபற' வட்டத்திலிருந்து வந்தவர். ந. முத்துசாமி தெருக்கூத்தின் பக்கம் நம் கவனத்தைத் திருப்பியதும் ஏறக்குறைய இதே சூழலில்தான். நெல்லையில் நா. வானமாமலை எந்தப் பல்கலைக் கழகத்தின் தயவுமில்லாமல் 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கிக் கதைப்பாடல்களையும் வாய்மொழியையும் சேகரிக்க ஒரு குழுவையே உருவாக்கினார். பட்டமில்லாத இடங்களில் வேலை நடந்தது.

இன்னும் இருக்கிறது. 'தியாகபூமி' (1939) எடுத்த கே. சுப்ரமணியத்தின் மகன் எஸ். கிருஷ்ணசாமி கொலம்பியா பல்கலைக் கழகத்துக்குப் போய் எரிக் பார்னோவிடம் படித்தார். இருவரும் சேர்ந்து 1963இல் இந்திய சினிமாவின் சரித்திரத்தை எழுதினார்கள். தகப்பனார் படத்தைத் தடை செய்தது சர்க்கார். மகன் அதைச் சரித்திரத்தில் ஏற்றினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது நாஞ்சில் நாட்டு விவசாயப் பொருளாதாரம். அவர் பெயரை நிலைநிறுத்தியதோ பட்டத்துக்கு வெளியே எம்.ஜி.ஆரின் பிம்பத்தைப் பற்றி 1992இல் எழுதியது. மேடைத் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். கைதட்டலும் மாலையும் பொன்னாடையும் கட்அவுட்டுமாக ஐம்பது வருஷம் தமிழ்நாட்டை ஆண்ட அந்தப் பேச்சை, மதுரையில் வந்து உட்கார்ந்து கேட்டுப் புத்தகமாக்கியவர் பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்கர், மானிடவியல்காரர். 2009இல் வந்தது, 2016இல் அவர் காலமாகிவிட்டார். தினத்தந்தியை டீக்கடை பெஞ்சில் ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்பது என்ற காரியத்தில் ஒரு கருத்துலகமே அடங்கியிருக்கிறது என்று கண்டு எழுதிய ஃபிரான்ஸிஸ் கோடியும் மானிடவியல்காரர்தான். தமிழ் அச்சு, புத்தகம், வாசிப்பு ஆகியவற்றின் சரித்திரத்தை எழுதிய ஆ. இரா. வேங்கடாசலபதி வரலாற்றுத் துறையிலிருந்து வந்தவர்.

இவர்களில் யாருடைய டாக்டர் பட்டமும் தொடர்பியலில் இல்லை. இதை வைத்துத் தொடர்பியல் துறைகளைக் கேலி செய்வது சுலபம். பேராசிரியர்களைக் கேலி செய்வது நம் சிறுபத்திரிகைகளின் குலதர்மம் வேறு. எனக்கு அந்த உற்சாகம் இப்போது இல்லை. ஏனென்றால் நாம் செய்தது என்ன? சினிமா, தந்தி, மேடைப் பேச்சு, குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வணிகம், ஜனரஞ்சகம் என்று ஒரே மூட்டையில் கட்டி வாசலில் வைத்தோம். அந்த மூட்டையைப் பிரிக்கப் பல்கலைக் கழகத்தில் ஓர் இடம் ஏற்பட்டபோது, அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் துணையாக நம் விமர்சன மொழி போய்ச் சேரவில்லை. போயிருக்க வேண்டும். ஒரு பாட்டு ஏன் இந்த இடத்தில் இப்படி ஒலிக்கிறது என்று கேட்பது நமக்குத் தெரிந்த கேள்வி. அதைக் கவிதைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அவர்களுக்கு மிஞ்சியது ஐந்து கட்டம்.

ஆய்வேடுகளைப் பல்கலைக் கழகங்கள் 'சோத்கங்கா'வில் ஏற்றுகின்றன; யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தமிழ்நாட்டுத் தொடர்பியல் ஆய்வேடுகள் சிலவற்றைச் சில இரவுகள் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன். களத்தில் அலைந்து, வெயில் பட்டு எழுதியவை இருக்கின்றன. ஆனால் நான் பார்த்தவற்றில் ஒரு விஷயம் உறுத்தியது. ஆய்வேடு முழுதும் ஆங்கிலம். தமிழ் தலைகாட்டுவது கடைசியில், பின்னிணைப்பில், கேள்வித்தாளின் மொழிபெயர்ப்பாக. பேசியவர்கள் தமிழில் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு சதவிகிதமாக மாறி உள்ளே போயிருக்கிறது. தொடர்பைப் பற்றிய ஆய்வு, தான் யாரிடம் பேசிற்றோ அவர்களுக்குத் திரும்பிச் சொல்ல முடியாத மொழியில் இருக்கிறது. பாஸ்கரன் புத்தகமும் ஆங்கிலம்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அவர் பிறகு தமிழில் எழுதத் திரும்பி வந்தார். ஆய்வு மாணவர் அப்படித் திரும்பி வந்தால் அவரை அச்சிட யார் இருக்கிறார்கள்?

இந்தத் துறைக்கு நாம் வைத்த பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'தகவல் தொடர்பு' என்கிறோம். தகவல் என்று போட்டவுடனேயே ஒருவன் சொல்ல, மற்றவன் வாங்கிக்கொள்ள, தந்திக் கம்பி மாதிரி ஒன்று கண்முன் வந்துவிடுகிறது. இலங்கையில் 'தொடர்பாடல்' என்கிறார்கள். உரையாடலில் வருகிற அதே ஆடல். இரண்டு பேர் வேண்டும், மாறி மாறி நடக்க வேண்டும். 1975இல் ஜேம்ஸ் கேரி என்ற அமெரிக்கர், தொடர்பு என்பது செய்தியைக் கடத்துவது மட்டும் அல்ல, ஒரு சடங்கில் கூடுவது போலப் பகிர்ந்துகொள்வதும்தான் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஈழத்துச் சொல்லுக்குள் அது இருக்கிறது.

மைக் செட்காரருக்குத் தியரி உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். மாணவி சொன்ன ஒரு விஷயம். அந்தப் பெரியவருக்கு எந்தப் பாட்டை எந்த நேரத்தில் போட வேண்டும் என்பது மட்டும் தெரியாது. எந்தத் தெருவைப் பார்த்துக் குழாயைத் திருப்பினால் எந்தப் பாட்டைப் போடக் கூடாது என்பதும் தெரியும். திருவிழா ஊர்வலம் ஒரு தெருமுனையைத் தாண்டும்போது தட்டை மாற்றுவார். ஒரு தடவை மாற்றவில்லை. அன்று ராத்திரி குழாய் உடைந்தது, இரண்டு பேர் மண்டையும். மறுநாள் போலீஸ் வந்து அவரைத்தான் முதலில் கேட்டது. சாதியும் சத்தமும் சந்திக்கிற அந்த முனையில் அவர் ஐம்பது வருஷம் நின்றிருக்கிறார். இதற்குமேல் ஒரு தியரிக்கு என்ன வேண்டும்? இதை முந்நூறு பேரிடம் கேட்டால் முந்நூறு பேரும் 'சற்றும் உடன்படவில்லை' கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போவார்கள். ஊரில் சாதிச் சண்டையே கிடையாது என்பார்கள்.

விதிகள் இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கின்றன. ஆய்வேட்டுக்கு முன்னால் ஒரு சஞ்சிகைக் கட்டுரை, இரண்டு கருத்தரங்குக் கட்டுரை என்று 2016இல் வைத்த கட்டாயத்தை மானியக் குழு 2022இல் எடுத்துவிட்டது. குறைந்தது மூன்று வருஷம், அதிகம் போனால் ஆறு. எம்.ஃபில். இல்லை. ஆனால் கருத்தரங்குச் சான்றிதழ் சேகரிக்கும் பழக்கம் விதியோடு போய்விடவில்லை. மாணவியும் அன்று அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தார்: பத்து நிமிஷம் வாசிப்பு, ஒரு சான்றிதழ், மத்தியானச் சாப்பாடு. வேலைக்கு மனுப் போடும்போது உதவும் என்றார். அதில் தவறொன்றுமில்லை. தகப்பனார் நெசவு, வீட்டில் முதலில் கல்லூரி போனவர் இவர். டாக்டர் என்ற முன்னெழுத்து அவர் வீட்டுக்கு என்ன என்பதை அதை ஏளனம் செய்கிற நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மைக் செட் விஷயத்தை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"விடலை சார். லீவுக்குப் போறப்பல்லாம் அவர்கிட்ட உக்காந்து எழுதிட்டு வரேன். அவர் சொல்ற மாதிரியே, தமிழ்ல. ரெண்டு நோட்டு ஆயிடுச்சு. இதை தீஸிஸ்ல சேர்க்க முடியாது."

ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். பெரியவருக்கு இப்போது காது கேட்பதில்லை, ஐம்பது வருஷம் குழாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் என்று அங்கிருந்தே திரும்பிச் சொன்னார். கேள்வியை ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாராம். பொத்தேரியில் கூட்டத்தோடு இறங்கிப் படியேறிப் போய்விட்டார். அந்த நோட்டிலிருந்து பத்துப் பக்கம் இந்த இதழுக்கு வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.